நம்ம வால்வு

சென்ற வியாழக்கிழமை மதுராந்தகத்திலிருந்து போன் வந்தது. "ஏகாம்பரம் சம்சாரம் பேசுறேன் சார். அவரு பூட்டாரு" என்றார் அந்த அம்மாள். எப்போது என்று கேட்க வேண்டிய நான், ஏன் என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மாள் வீட்டுக்கு வழி சொன்னார்.

தொண்ணூறுகளின் கடைசியில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே அந்தக் கடலோரக் கொட்டகையில் வேலை பார்த்தவர்களுக்கு ஏகாம்பரத்தைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பம்பு ஆபரேட்டர், என் வயதுதான், காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். நான் அங்கே பொறியாளர். கடல்நீரைக் குடிநீராக்க, மெல்லிய சவ்வுக் குழாய்களில் செலுத்தி வடிகட்டிப் பார்ப்பது எங்கள் சோதனை. சவ்வில் சேறும் பாசியும் படிந்து அடைத்துக்கொள்ளும். அதுதான் தீராத தலைவலி.

நீர் ஒரே சீராக ஓட வேண்டும் என்பது என் உத்தரவு. வால்வில் கை வைப்பவருக்கு இங்கே வேலையில்லை என்று பலகையே மாட்டியிருந்தேன். ஆனால் ஏகாம்பரத்தின் ஷிப்டில் மட்டும் சவ்வு அடைக்காது. கடல் ஏற்றமா, வெயிலா, நீரில் கலக்கும் மருந்தின் அளவா என்று மூன்று மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். அவருடைய பதிவேட்டைப் புரட்டினால், மணிக்கு மணி 'ஒரே சீர்' என்று முத்து முத்தான கையெழுத்து.

ஒரு மதியம் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, வால்வைப் பாதி மூடுவதும் சட்டென்று திறப்பதுமாக இருந்தார். தண்ணீர் விட்டு விட்டு உந்திக்கொண்டு ஓடியது.

"ஒரே மாரி போய்கினு இருந்தா அழுக்கு நல்லா குந்திக்குது சார். வுட்டு வுட்டுத் தள்ளுனா அதுக்கு டைம் கெடைக்காது" என்றார்.

பிறகு ஏன் ஒரே சீர் என்று எழுதினீர்கள் என்று கத்தினேன்.

"நீங்க அதான சார் கேட்டீங்க?"

அவர் முகத்தில் கேலி இருந்ததா, பயம் இருந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்று மாத உழைப்பு பாழானதுதான் அப்போது என் கண்ணில் நின்றது. மேலிடத்துக்கு எழுதிப் போட்டேன். ஊழியர் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்கு அவரை மாற்றினார்கள்.

அவர் போனதும் சவ்வு பழையபடி அடைத்தது. அடுத்த வருடம், தானே மூடித் திறக்கும் வால்வு ஒன்றைப் பொருத்தினேன். துடித்துத் துடித்து ஓடிய நீரில் அழுக்குப் படிவது நன்றாகக் குறைந்தது. அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியானது, பதவி உயர்வும் வந்தது. எழுதியவர் என்று என் பெயர் மட்டும். நன்றிப் பட்டியலில் தட்டச்சு செய்தவர்கூட இருக்கிறார்.

சில வருடம் கழித்துச் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்து ஒளிய இடம் தேடினேன். அவரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம வால்வு நல்லா ஓடுதா சார்?"

நம்ம என்றது மன்னிப்பா, குத்தலா, வெறும் வாய்ப் பழக்கமா? நன்றாக ஓடுகிறது என்றேன். ரயில் வந்துவிட்டது.

மதுராந்தகத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் என் கட்டுரையின் முதல் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருந்தார்கள். யார் கொடுத்த நகலோ தெரியவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் ஏகாம்பரம் அதைத் தன் வேலை என்று காட்டுவாராம். அந்த அம்மாள் அதைக் கழற்றி, முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது சார். இதுல அவரு பேரு எங்க கீது, காட்டுங்க."

மூக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொன்னேன். அது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த 'நம்ம' ஒன்றுதான். அது என்னவென்று புரியாமலே வைத்திருக்கிறேன். அந்தக் கொட்டகையில் நீரை விட்டு விட்டுத் தள்ளும் வழியைக் கண்டுபிடித்தவர் ஏகாம்பரம். இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன், அந்த அம்மாளே படித்துக்கொள்வார்.