காத்திருந்து வெட்டும் விதி

கிளாஸ்கோவில் சண்டை போடுவதற்கும் வரிசைதான். சனிக்கிழமை பகலில் டங்கன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு பேர் உட்காருவோம். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரம். பகடையை உருட்டிப் பூதங்களோடு மோத வேண்டும். அவரவர் முறை வரும்போதுதான் வாயைத் திறக்கலாம். எது செல்லும், எது செல்லாது என்று தீர்ப்புச் சொல்பவன் என் அலுவலகத் தோழன் டங்கன். என் பாத்திரம் ஒரு வாள்வீரன், ஒரு வருடமாக நான் வளர்த்தவன்.

போன மாதம் ஒரு பூதம் கதவுக்குப் பின்னால் நின்றது. "அது வாசலைத் தாண்டியதும் வெட்டுவேன்" என்றேன். "அப்படியானால் இப்போது நீ ஒன்றும் செய்யவில்லை. உன் முறை போயிற்று" என்றான் டங்கன். பூதம் வந்து என் வீரனைக் கொன்றது. நமக்குத்தான் விளங்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை, எங்களோடு ஆடும் ஃபியோனா அடுத்த பூதத்துக்கு, "அது வாசலைத் தாண்டியதும் அம்பு விடுவேன்" என்றாள். "அருமை! தயாராகக் காத்திருக்கிறாய்" என்றான் அதே டங்கன். அவள் அம்பு பாய்ந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விதிப்புத்தகத்தை எடுத்து, முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் காத்திருந்து வெட்டலாம் என்கிற பத்தியைச் சத்தமாக வாசித்தேன். "அந்த இடத்து ஆங்கிலம் கொஞ்சம் சிக்கலானது, உனக்குக் குழப்பமாக இருக்கலாம்" என்றான், மிகுந்த கனிவோடு. அந்தக் கனிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பாளையங்கோட்டையில் மூன்று வருடம் ஆங்கில இலக்கியம் படித்தவன் நான். இதே புத்தகத்தைச் செராக்ஸ் எடுத்து, கல்லூரி விடுதி மொட்டை மாடியில் என் அறைத்தோழன் காசிமோடு மல்லுக்கட்டி வரிவரியாகப் படித்திருக்கிறேன். தீர்ப்புச் சொல்லும் இடத்தில் காசிம் இருந்தாலும் எங்கள் வாய் ஓயாது. "ஒனக்கு ஒரு நியாயம், அவனுக்கு ஒரு நியாயமாலே? பொஸ்தகத்த எடு, பாப்போம்" என்பான். புத்தகம் அவனுக்கு எதிராகச் சொன்னால், திட்டிக்கொண்டே ஒத்துக்கொள்வான்.

டங்கன் ஒத்துக்கொள்ளவில்லை. "சரி, உனக்காக ஒரு விதிவிலக்கு. உன் வீரன் பிழைத்துக்கொண்டான்" என்றான்.

"சலுகை வேண்டாம். நான் சொன்னது சரி என்று சொல்."

"ஒரு விளையாட்டுக்கா இவ்வளவு கோபம்?" என்று ஃபியோனா சிரித்தாள். வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அலுவலகக் கூட்டத்தில் நம் யோசனை வேறொருவர் வாயில் ஏறியதும் புத்திசாலித்தனமாகிவிடுவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! என் வீரன் செத்தே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காசிமிடம் போனில் கொட்டினேன். "எதுக்குலே அங்கன போயி உக்காருத? ஆட்டமே வேண்டாம்னு எந்திச்சு வாலே" என்றான். அவன்மேலும் எரிந்து விழுந்தேன். எழுந்து எங்கே போக? இந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அந்த மூன்று பேர்தான்.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். டங்கன் புதிய பாத்திரத்துக்கான வெற்றுத்தாளை என் முன்னால் வைத்தான். நான் அதில் பெயர் எழுதவில்லை. எழுந்து போகவும் இல்லை. குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.