பள்ளிக்கூட வாக்குக்கு வீடு வீடாகச் சொல்லப் போனேன்

கனடாவின் மொன்றியலில் வீட்டுக் கதவின் நடுவே ஒரு வாய் வெட்டி வைத்திருக்கிறார்கள். மின்சாரக் கட்டணம், பீட்சாக் கடை விளம்பரம் எல்லாம் அதற்குள்ளால் வந்து விழும். ஒருவரும் மணி அடிப்பதில்லை. அந்த மஞ்சள் தாளும் அப்படித்தான் விழுந்தது. பள்ளிக்கூட வரியைக் கொஞ்சம் கூட்டுவதற்கு வாக்கெடுப்பாம். சனம் சம்மதிக்காவிட்டால், கீழ்த்தளத்தில் பெரியவர்களுக்கு நடக்கிற பிரெஞ்சு வகுப்பை மூடிவிடுவார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன நான் அறுபத்தாறு வயதில் திரும்பவும் போய் உட்கார்ந்த வாங்குப் பலகை அங்கேதான் கிடக்கிறது. அதுவும் போனால், மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் எனக்குச் சுவர்தான் துணை.

எனக்கு இன்னும் குடியுரிமை கிடைக்கவில்லை, அதனால் வாக்கும் இல்லை. முன்னமே வந்த எங்கள் ஆட்களுக்கு உண்டு. "தாள் போட்டோமே, உங்கள் ஆட்களுக்கு அக்கறை இல்லையா?" என்று எங்கள் ஆசிரியை மதாம் லூசி கேட்டா. தாளுக்கு வரமாட்டார்கள், நேரே போய்ச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் கலியாணத்துக்கு அட்டையை மட்டும் அனுப்பினால், "எங்களுக்குச் சொல்லேல்லை" என்று வராமல் இருந்துவிடுவார்களே. "அப்படியென்றால் நீங்களே சொல்லுங்கள்" என்றா.

தான் என்ன கேட்கிறா என்று அவவுக்குத் தெரியாது. என் புருஷன் போய்ச் சேர்ந்து இருபது வருடம். புருஷன் இல்லாதவள் நல்ல காரியத்துக்குச் சொல்லப் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. என் மகளின் கலியாணத்துக்கே தமையனும் மச்சாளும்தான் போனார்கள். நான் குசினிக்குள் அடுப்படியில் நின்றேன்.

முதல் வீட்டில் மதாம் மணியை அடிக்க, நான் படியில் அவவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். "குளிரா?" என்று தன் சால்வையைக் கழற்றி என் கழுத்தில் சுற்றிவிட்டா. விளக்கம் சொல்லப் பிரெஞ்சு போதாது. தலையாட்டினேன்.

பரமேஸ்வரி கதவைத் திறந்தாள். எங்கள் தெருவில் நாள், நட்சத்திரம் பார்க்காமல் ஒன்றும் செய்யாதவள்.

"என்ன மாமி, ஒளிச்சு நிக்கிறியள்? வெள்ளைக்காரி பிடிச்சுக்கொண்டு வந்தவவோ?"

"சொல்ல வந்தனான் பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கு வோட்டுப் போட நீயும் அவரும் கட்டாயம் வரவேணும்."

அவள் என் வெறும் நெற்றியைப் பார்த்தாள்.

"மகளின்ர கலியாணத்துக்கும் நீங்கள் வந்து சொல்லேல்லை."

"ஓம். இதுதான் முதல்."

கதவை அகலத் திறந்தாள். "அப்ப உள்ளுக்கு வாங்கோ. வாசல்ல நிண்டு சொன்னா அது சொன்னதில்லை" என்று என் கையைப் பிடித்தாள்.

தேத்தண்ணி, பலகாரம், ஊர்ப் புதினப் பேச்சு. மதாம் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. அன்றைக்கு நாலு வீடுதான் முடிந்தது. மற்ற நாட்களில் நான் தனியப் போனேன்.

மயிரிழையில் வென்றோம், வகுப்பு நடக்கிறது. ஆனால் என் மனதில் நிற்பது வாக்குப் போட்ட நாள்தான். பள்ளிக்கூட வாசலுக்கு இரண்டு கதவு, இடையில் இரண்டு பாய் விரிக்கிற அளவு இடம். வாக்கில்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது என்றார் காவலாளி; வெளியே பனி கொட்டியது. அந்த இடையிலேயே நின்றேன். நான் சொன்ன சனம் காலைத் தட்டிச் சப்பாத்துப் பனியை உதறிக்கொண்டு வந்தது. "மாமி, வந்திட்டம், பாத்தியளோ" என்று பரமேஸ்வரி புருஷனோடு உள்ளே போனாள். வெளிக்கதவு திறந்தால் காலில் குளிர் ஏறும், உள்கதவு திறந்தால் முகத்தில் சூடு அடிக்கும். நான் கைகூப்பி "வாங்கோ, வாங்கோ" என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.