பூனைகளால் வந்த மீன் பழி

தூத்துக்குடிக்காரர்கள் மீன் தின்று மாட்டிக்கொண்டால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நாங்கள் வீட்டில் தின்னாமலே மாட்டிக்கொண்டோம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

மந்தைவெளியில் ஒரு பழைய மாடி வீட்டின் கீழ்ப் பகுதியில் குடியிருக்கிறோம். மாடியில் வீட்டுக்கார மாமி. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் தரை உண்டு. முன்பக்கம் ஒரு செம்பருத்தி, பின்பக்கம் துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, அதை ஒட்டி ஒரு மதில். இந்த ஊரில் காலுக்கு மண் படுகிற வாடகை வீடு கிடைப்பதென்றால் சும்மாவா? என் கணவர் தி. நகரில் ஒரு பாத்திரக் கடையில் சூப்பர்வைசர். நான் முன் அறையில் மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன். மகள் அப்போது பிளஸ் டூ. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம், டியூஷன் அடுத்த தெரு. அவள் பரீட்சை முடிகிற வரைக்கும் இந்த வீட்டை விட்டு அசையக் கூடாது, அது ஒன்றுதான் எங்கள் பிரார்த்தனை.

வீடு பார்க்க வந்த அன்றே மாமி நேராகக் கேட்டுவிட்டார், "நீங்க அசைவமா?" தரகர் முந்திக்கொண்டு இல்லை என்று தலையாட்ட, என் கணவர், "ஆமா மாமி, சாப்பிடுவோம்" என்றார். தரகர் முகத்தில் ஈயாடவில்லை. மாமி எங்கள் மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"மறைக்காம சொன்னேள், அதுவே போறும். வெளியில போய் என்ன வேணா சாப்பிட்டுக்கோங்கோ. ஆத்துல பண்ணப்படாது. அவ்வளவுதான்."

நாங்களும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் பிடித்துக் கிண்டிக்குப் போவோம். அங்கே என் கொழுந்தன் வீடு. ஓரகத்தி வைக்கிற மீன் குழம்பை மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு, ஆளுக்கு இரண்டு ஏலக்காயை வாயில் போட்டு மென்றுகொண்டே திரும்பி வருவோம். வீட்டில் ஒரு கருவாட்டுத் துண்டுகூட வைத்துக்கொண்டதில்லை. பிறந்ததிலிருந்து மீன் வாசனையில் வளர்ந்தவள் நான். என் சமையலறையில் பெருங்காய வாசனை மட்டுமே அடித்துக்கொண்டிருந்தது.

மாமி நல்லவர்தான். மாமா தவறி அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. தினமும் மதியம் சமையல் முடிந்ததும் ஒரு வாழை இலைத் துண்டில் பருப்புச் சாதத்தை நெய் விட்டுப் பிசைந்து எடுத்துக்கொண்டு படியிறங்கி வருவார். பின்பக்க மதிலில் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மாடிக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகுதான் அவர் சாப்பாடு. காக்கையாக வருவது மாமாதான் என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. "ஒரு பருக்கை மிச்சம் வெக்கலை இன்னிக்கும்" என்று சாயங்காலம் வெறும் இலையை எடுத்துப் போடும்போது என்னிடம் சொல்வார். சொல்லும்போது முகம் அப்படி இருக்கும். எனக்கே சந்தோஷமாக இருக்கும்.

மழை விட்ட சமயத்தில் பூனைகள் வர ஆரம்பித்தன. முதலில் ஒரு செவலைக் கடுவன், காது கிழிந்தது. தெருவையே தன் பெயரில் எழுதி வாங்கியவன் மாதிரி கேட்டுக்கு அடியில் நுழைந்து, செம்பருத்திக்குக் கீழே குழி பறித்து, காரியத்தை முடித்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே மண்ணைத் தள்ளி மூடியது. பின்னாலேயே ஒரு கறுப்பு, ஒரு சாம்பல், அது பெற்ற குட்டிகள் என்று பட்டாளமே வந்து இறங்கியது. என் கணவரின் ஸ்கூட்டர் சீட்டில் ஒன்று படுத்துக்கொள்ளும். ஒரு நாள் கல்யாண வீட்டுக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன பட்டு பிளவுஸ் துணி மேல் சாம்பல் பூனை சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. விளக்குமாற்றை எடுத்து வீசினேன். அது பூனை மேல் படவில்லை, காபி டம்ளர் மேல் பட்டது. அந்தத் துணியிலிருந்து முடி எடுத்தே என் பாதி நாள் போயிற்று. பூனை கையில் கிடைத்திருந்தால் அதற்கும் அளவெடுத்துத் தைத்திருப்பேன், அவ்வளவு ஆத்திரம்.

எங்களுக்கும் மாமிக்கும் சேர்த்து வேலை செய்கிற அம்மா பெரும்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். வந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாக்கா, இம்மாம் பூன கீது? நீலத்த தண்ணில கலக்கி பாட்டில்ல ஊத்தி கேட்டாண்ட கட்டு. ஒரு நாயி கிட்ட வராது."

"இது பூனைல்ல?"

"அதுக்கும் கண்ணு கீதுல்ல, பயப்படும்."

கட்டினேன். கேட்டில் இரண்டு, செம்பருத்தியில் ஒன்று, மதிலில் வரிசையாக. கடுவன் வந்து ஒரு பாட்டிலை மோந்து பார்த்தது. பிறகு அதில் முதுகைத் தேய்த்துச் சொறிந்துகொண்டது. தெருவில் போகிறவர்கள்தான் நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா, எதாவது பூஜையா?" என்று கேட்டார்கள்.

இதுவரைக்கும் தமாஷ்தான். ஒரு நாள் மாமி படியில் நின்று மூக்கை உறிஞ்சினார். "பூனை சும்மா வராதும்மா. வாசனை புடிச்சிண்டுதான் வரும்" என்றார். எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் தலைக்கு ஏறிவிட்டது. வாங்க மாமி என்று உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து காட்டினேன். வத்தக்குழம்பு, புடலங்காய்க் கூட்டு, மோர். குளிர்சாதனப் பெட்டியையும் திறந்துவிட்டேன். அதில் மல்லிகைப்பூவும் இட்லி மாவும் இருந்தன. "இன்னிக்கு இல்லை, சரி" என்றார் மாமி. அந்த 'இன்னிக்கு' இருக்கிறதே, அது என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அவராகவே கீழே வந்தார். உட்காரவில்லை. "தப்பா நினைச்சுக்காதீங்கோ. தை பொறந்ததும் வேற எடம் பாத்துக்கோங்கோ" என்றார். மகள் உள்ளே கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை மூடுகிற சத்தம் கேட்டது. பரீட்சைக்கு முந்தின மாதம் சாமான் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்குப் போவது? அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் மதியம் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கப் பின்பக்கம் போனேன். அந்த நேரத்தில் நான் அங்கே போவதே கிடையாது. மிஷினை விட்டு எழுந்திருக்க நேரம் எங்கே? போனால், மதில் மேல் பூனைகள் ரேஷன் கடையில் நிற்பது மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. மாமி இலையோடு வருகிற சத்தம் கேட்டதும் அத்தனையும் பக்கத்து வீட்டுப் பக்கமாகக் குதித்து மறைந்தன. மாமி இலையை வைத்தார். "கா... கா..." என்றார். திரும்பிப் பார்க்காமல் போனார். அவர் தலை மறைந்ததுதான் தாமதம், கடுவன் ஏறி வந்து நெய்ச் சாதத்தில் வாயை வைத்தது. அது தின்று நகர்ந்ததும் கறுப்பு, பிறகு சாம்பல், பிறகு குட்டிகள். கம்பியில் இரண்டு காக்கைகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. கிட்டே வர அவற்றுக்குத் துணிச்சல் இல்லை. குட்டிகள் இலையை நக்கி முடித்தபோது அது கழுவி வைத்தது மாதிரி இருந்தது.

நான் தொட்டிக்குப் பின்னால் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். பழி தீர்ந்தது, வீடு பிழைத்தது என்று மனசு துள்ளியது. என் கணவர் கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். "இப்பவே மேல போயி சொல்லிரு. கைப்பிடிச்சிக் கூட்டிட்டு வந்து காமிச்சிரு" என்றார். மகள் செல்போனில் வீடியோ எடுத்துத் தருகிறேன் என்றாள்.

போனேன். மாடிப்படி பாதி ஏறினேன். மாமி வாசலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், கோபத்தை எல்லாம் மறந்துவிட்டு, "இன்னிக்கும் வழிச்சு சாப்பிட்டுட்டார்" என்றார். நான் என்னத்தைச் சொல்ல? துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க வந்தேன் என்று உளறிவிட்டு மொட்டை மாடிக்கு ஏறிப் போய் நின்றேன். எனக்கு என் மேலேயே எரிச்சல். பூனையைக் காட்டிக்கொடுத்தால் வீடு கிடைக்கும், மாமா போய்விடுவார். வாயை மூடிக்கொண்டால் மாமா இருப்பார், நாங்கள் சாமானைக் கட்ட வேண்டும். பட்டுத் துணியில் படுத்த சனியன்கள் என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன, பாருங்கள்.

இப்படியே சில நாள் தினமும் ஏறுவதும் இறங்குவதுமாகப் போயிற்று. கடைசியில் பொறுக்க முடியாமல் ஒரு மதியம் பின்பக்கமே போய் நின்றுவிட்டேன். மாமி அப்போதுதான் இலையை வைத்திருந்தார்.

"மாமி, இந்த வீட்ல நாங்க ஒரு நாள்கூட மீன் பண்ணல. எம் பொண்ணு மேல சத்தியமா."

"தெரியும்" என்றார் மாமி.

எனக்குச் சுருக்கென்றது. "தெரிஞ்சுமா காலி பண்ணச் சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. இலையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். "நீங்க மீன் பண்றேள், பூனை அதுக்காக வரது. அப்படின்னா இதை அவர்தான் சாப்பிடறார். நீங்க பண்ணலேன்னா..."

கையில் அத்தனை கோபத்தையும் பிடித்துக்கொண்டு வந்தவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அதனால்தான் இந்த மனுஷி ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மாமி என் பக்கம் திரும்பினார். "கொழந்தை படிக்கட்டும். நீங்க எங்கேயும் போக வேண்டாம்." சொல்லிவிட்டு இரண்டு படி ஏறினார். மறுபடி இறங்கி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கப்படாது. ஒரு நாள் மீன் பண்ணுங்கோளேன்" என்றார்.

"மீனா? இங்கயா?" என்றேன்.

"உள்ளே வேண்டாம். வாசல் பக்கம், கேட்டு கிட்ட அடுப்பு வெச்சுண்டு. பூனையெல்லாம் அங்கே வந்துடுமோல்லியோ?"

வராமல் இருக்குமா? அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிண்டிக்குப் போகவில்லை. என் கணவர் விடிந்ததும் போய்க் கை கொள்ளாத அளவுக்குச் சாளை மீன் வாங்கி வந்தார். கேட்டுக்கு உள்ளே செங்கல் வைத்து, ஓரகத்தியிடம் இரவல் வாங்கிய மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றி, சட்டியில் எண்ணெயை ஊற்றினேன். தலையும் குடலும் ஒரு முறத்தில் தனியாக. முதல் மீன் எண்ணெயில் விழுந்த சத்தத்துக்கே கடுவன் வந்துவிட்டது. பிறகு கறுப்பு, சாம்பல், குட்டிகள், நான் அதுவரை பார்த்தே இராத எதிர் வீட்டுப் பூனைகள். வேலைக்கார அம்மா கேட்டைத் திறந்தவர் அப்படியே நின்றார். "மாமி வூட்ல மீன் வறுவலா? இன்னாக்கா நடக்குது இங்க?" என்றார். மகள் கரண்டியை வாங்கிக்கொண்டு, "நீ போய்ப் பாரும்மா" என்று என்னைத் துரத்தினாள்.

பின்பக்க மதிலில் ஒரு பூனையும் இல்லை. மாமி இலையை வைத்தார். "கா... கா..." என்றார். பழக்க தோஷத்தில் திரும்பியவர், நின்றார். பிறகு மெதுவாக மதிலைப் பார்த்து முகத்தைத் திருப்பினார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. காலையிலிருந்து மீன் வறுத்தும் காக்கை வராமல் போனால் என்ன செய்வது?

கம்பியிலிருந்து ஒன்று இறங்கியது. தலையைச் சாய்த்து எங்களை ஒரு பார்வை பார்த்தது. இலையில் கொத்தி, இரண்டு வாய் தின்று, கொஞ்சத்தைத் தரையில் இறைத்து, மீதியை அப்படியே விட்டுவிட்டுப் பறந்துபோயிற்று. மாமி வருத்தப்படப் போகிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"பாதியை வெச்சுட்டார் பாத்தேளா? அவரேதான். என் சமையலை என்னிக்கு அவர் முழுசா சாப்பிட்டிருக்கார்?" என்று சொல்லி, மீன் அலசிய என் கையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.