மேஸ்திரியம்மாவின் மினுக்கு ஷூ

சலவைக்கூடத்து மேஸ்திரியம்மாவுக்குக் கோபம் வந்தால் துவைக்கும் இயந்திரங்களே ஒரு கணம் நின்று கேட்கும் என்பார்கள். பொய்யில்லை. பெரிய ஹோட்டல் ஒன்றின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத கூடத்தில், ஈரத் தரையிலும் நீராவியிலும் அவள் ஆயுசில் பாதி போயிருந்தது. மேலே விருந்து நடக்கும். கீழே அதன் கறை வந்து சேரும். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. துணி பிழிய வந்தவள், யார் சிபாரிசும் இல்லாமல் அந்தக் கூடத்தையே கட்டி மேய்க்கிறவளானாள். இதை அவளே எல்லாரிடமும் சொல்லுவாள். சொன்னால் என்ன தப்பு? கஷ்டப்பட்டு மேலே வந்தவள் தன் பெருமையைத் தானே சொல்லாமல், கூலிக்கா ஆள் வைப்பாள்?

அவள் ஓய்வு பெறும் காலம் வந்தது. ஓய்வு பெறுகிறவர்களை மேல்மாடி மண்டபத்தில் மேடையேற்றி, முதல் வரிசை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுப்பது அந்த ஹோட்டலில் வழக்கம். படத்தை வாசல் பக்கத்துச் சுவரில் மாட்டுவார்கள். கீழ்த்தளத்து ஆட்களின் முகம் வெளியார் கண்ணில் படுகிற ஒரே இடம் அந்தச் சுவர்தான். சீருடையும் கருப்பு ஷூவும் கட்டாயம்.

ஹோட்டல் கொடுத்திருந்த அவளுடைய கருப்பு ஷூவோ, நாய் கடித்துத் துப்பியது போலிருந்தது.

"புதுசா ஒண்ணு வாங்கிக்கயேன்" என்றார் வீட்டுக்காரர்.

"எதுக்கு? என்கூடத் தண்ணியில ஊறினது இதுதானே. இதைத்தான் போடுவேன். ஆனா இப்படியே இல்ல. அன்னைக்கு அத்தனை பேர் கண்ணும் என் கால்லதான் இருக்கணும்."

"ஏன், முகத்தைப் பாத்தா பத்தாதா?"

"முகத்தைத்தான் நீங்க பாத்துப் பாத்து அலுத்துட்டீங்களே."

விருந்தாளிகளின் பகட்டான உடைகளிலிருந்து உதிரும் கண்ணாடிக் கற்கள் இயந்திரத்தின் வடிகட்டியில் சேரும். யாராவது கேட்டு வருவார்கள் என்று கொஞ்ச நாள் எடுத்து வைப்பார்கள், பிறகு குப்பைதான். பழைய மேலாளரிடம் சொல்லிவிட்டே அவள் அந்தக் குப்பையை வீட்டுக்கு எடுத்துவந்து ஒரு டப்பாவில் சேர்த்திருந்தாள். அதைத் தரையில் கொட்டி, நிறம் பார்த்து, அளவு பார்த்துப் பிரித்தாள்.

முதல் முயற்சி கேலிக்கூத்தாகிவிட்டது. விறைத்துப்போன தோல் கொஞ்சம் இளகட்டும் என்று, போர்வைகளுக்கு ஊற்றுகிற மென்மைத் திரவத்தில் ஷூக்களை ஊறப்போட்டாள். சலவைக்காரி புத்தி வேறெங்கே போகும்! தோல் என்னவோ பூப்போல ஆனது. காயவைத்து, பசை தடவி, கல் பதித்து, மாட்டிக்கொண்டு இரண்டடி வைத்தாள். கற்கள் பொலபொலவென்று உதிர்ந்து கட்டிலுக்கடியில் ஓடின. திரவத்தின் வழுவழுப்பு தோலிலேயே தங்கிவிட்டது. பசைக்குப் பிடி கிடைக்கவில்லை.

வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஷூவை ஊறவெச்சுத் துவைச்ச ஒரே ஆளு இந்த உலகத்துலயே நீதான்டி!"

"சிரிங்க, சிரிங்க. தாடை சுளுக்கிக்கிட்டா என்கிட்ட வராதீங்க."

அசந்துவிடவில்லை அவள். ஸ்பிரிட் தொட்டுத் தோலைத் துடைத்தாள். உப்புத்தாளால் சொரசொரப்பாகும்வரை தேய்த்தாள். தீக்குச்சி முனையில் துளி மெழுகை உருட்டி, அதால் ஒவ்வொரு கல்லாக ஒற்றி எடுத்து வைத்தாள். முன்பக்கம் பெரிய கல், பக்கவாட்டில் பொடிக் கல், செங்கல் அடுக்குகிற மாதிரி ஒன்றின் இடுக்கில் இன்னொன்று. விரல் மடங்குகிற இடத்தில் மட்டும் ஒட்டாமல் கருப்பாகவே விட்டாள்; அங்கே ஒட்டினால் நடக்க நடக்கத் தெறித்துவிடும். முடித்து ஜன்னலோரம் வைத்தபோது சுவரெங்கும் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் ஆடியது.

சிரித்த மனுஷர் வாயைப் பிளந்தார். "இது அந்த ஷூவா?"

"அதே ஷூதான். செஞ்ச கை யாரோடது?"

விழா நாளன்று மேடைப் படியிலேயே வழி மறித்தான், புதிதாக வந்திருந்த இளம் மேலாளன். கழுத்து டையை விட்டுக் கை எடுக்காதவன்.

"அம்மா, என்ன இது? கருப்பு ஷூ போடணும்னு சொல்லியிருந்தோமே."

"கருப்புதான். நீங்க குடுத்ததுதான். கண்ணு கூசுதுன்னா தள்ளி நில்லுங்க."

"கோவிச்சுக்காதீங்க. பெரியவங்க எல்லாம் பாக்குற படம். உங்க வயசுக்கு இது... நீங்க ரெண்டாவது வரிசையில நின்னுக்கோங்களேன். கால் தெரியாது."

அவளுக்குச் சுரீரென்றது. இரண்டாவது வரிசையா? அது வேடிக்கைக்கு வந்து நிற்கிறவர்களின் இடம். இத்தனை காலம் பூமிக்கடியில் மறைத்து வைத்தது போதாதாம். போகிற நாளிலும் யார் முதுகுக்குப் பின்னாலோ ஒளித்து வைக்க வேண்டுமாம். அதுவும் வயசைச் சாக்குச் சொல்லி! வயசானால் கால் கறுத்துச் சுருங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்க வேண்டுமென்று எவன் விதித்தான்?

"தம்பி, உங்க காலர் பளிச்சுன்னு இருக்கே, அது தானாவா வெளுத்துச்சு? அழுக்கு எடுக்க நான் வேணும், படத்துல நிக்க நான் வேணாமா?"

பதிலுக்குக் காத்திராமல் ஏறிப்போய் முதல் வரிசை நடுவில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டாள். மேலாளன் பல்லைக் கடித்தான். படக்காரரின் காதோரம் போய், "முட்டிக்கு மேல எடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டு, தானும் மேடையேறி வரிசையின் ஓரத்தில் நின்றான்.

இயந்திர இரைச்சலிலேயே முணுமுணுப்பைப் பிரித்துக் கேட்டுப் பழகிய காது அவளுடையது. குனிந்தாள். இரண்டு ஷூவையும் கழற்றினாள். கைக்கொன்றாக மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

மேலாளன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்வாங்கினான்.

"பயப்படாதீங்க தம்பி, அடிக்க இல்ல. முட்டிக்கு மேல எடுக்கணும்னீங்களே, அதான் மேல கொண்டாந்தேன்!"

கூரை இடிகிற மாதிரி சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே படக்காரர் விரலை அழுத்திவிட்டார்.

"இது செல்லாது, இன்னொண்ணு எடுங்க" என்று கத்தினான் மேலாளன். ஆனால் பக்கத்து நாற்காலியிலிருந்த சமையல்கட்டுப் பெரியவர் எழுந்தார். "எனக்கு ஒரு படம் போதும்ப்பா" என்று இறங்கினார். தோட்டக்காரரும் பின்னாலேயே போனார். வரிசையே கலைந்துவிட்டது. அவள் நிதானமாக ஷூவை மாட்டிக்கொண்டு, மேடை அதிர, நடுப்படி வழியாகவே இறங்கினாள்.

வேறு படம் இல்லாததால் அதைத்தான் சுவரில் மாட்டினார்கள். ஓரத்தில், கன்னத்தைப் பொத்தியபடி மேலாளனும் இருக்கிறான்.

"அதான் ஜெயிச்சுட்டியே, இன்னும் ஏன் கொதிக்கிற?" என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் கேட்கிறார்.

"ஜெயிச்சா? சொன்னானா இல்லையா அந்த வார்த்தையை? ரெண்டாவது வரிசையாமே!"