என் கையால் விட்ட சொட்டு

என் வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். உத்திரமேரூரில் கிளம்பி சாலவாக்கம் போய்த் திரும்பும் வண்டி. இருபது வருஷமாக ஜன்னல் காற்றையும் அறுவடைக் காலத்து நெல் தூசியையும் முகத்தில் வாங்கிக்கொண்டே ஓட்டியதில், போன வருஷம் இரண்டு கண்ணும் எரிய ஆரம்பித்தன. மிளகாய்ப் பொடி விழுந்த மாதிரி கசக்கிக்கொண்டே இருப்பார். காஞ்சிபுரத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். பார்த்துவிட்டு, கண் காய்ந்து போயிருக்கிறது என்று சொல்லி, ஈரம் கொடுக்கிற சொட்டு மருந்து ஒரு பாட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் மனுஷர் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னாமே இது, கண்ணுல தண்ணியா ஊத்துது. காஞ்சிப் போச்சின்றாங்க?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டார். உறுத்தல் தாங்காமல் வருகிற தண்ணீர் அது, கண்ணை நனைத்து வைக்கிற ஈரம் வேறு என்று விளக்கினார். மருந்தை எப்படி விடவேண்டும், திறந்து எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்றும் சொல்லிக்கொண்டு போனார். இவருக்கு மத்தியான டிரிப்புக்கு நேரமாகிவிட்டது. எனக்கு எல்லாம் தெரிந்தது போல ஒரு நினைப்பு. இரண்டு பேரும் தலையை ஆட்டினோம், பாதிதான் காதில் ஏறியது.

நெல் லாரிக்கும் புளிய மரத்துக்கும் நடுவில் பஸ்ஸை நுழைக்கிற ஆளுக்கு, ஒரு சொட்டுத் தண்ணீர் கண்ணை நோக்கி வந்தால் பயம். இமையை இறுக்கி மூடிக்கொள்வார். அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைக்கிறவள். காலையில் வீட்டு வேலையை முடித்துவிட்டு அங்கே ஓடவேண்டும். வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும்போதே கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, அவர் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, பாட்டில் முனையைக் கீழிமை மயிரில் ஒட்டினாற்போல வைத்து ஒரே அழுத்து. குறி தப்பாது. ஒரு சொட்டு கூட வீணாகவில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

நர்ஸ் சொன்னதில் ஒன்றை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம். மருந்து விட்டதும் கொஞ்ச நேரம் பார்வை கலங்கலாக இருக்கும், உடனே வண்டியில் ஏறக்கூடாது என்பது. கல்யாணமான நாளிலிருந்து காலை வேளையில் என்னோடு பத்து நிமிஷம் உட்கார்ந்தறியாத மனுஷர், இப்போது கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பார். நாஷ்டாவுக்கு முன்னால் அந்தப் பத்து நிமிஷம் எனக்கே எனக்கு. அவர் தங்கச்சி பேசிய பேச்சு, ஹெட்மாஸ்டர் சாம்பாரைக் குறை சொன்னது, எல்லாவற்றையும் கொட்டுவேன். "ம்ம்" கொட்டிக்கொண்டே கேட்பார். உண்மையைச் சொன்னால், அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே அந்த மருந்தை எனக்கு அவ்வளவு பிடித்துப் போயிற்று.

எரிச்சல் இருக்கிற நாளில் மட்டும் விட்டதால் மாதம் மூன்றாகியும் பாட்டில் தீரவில்லை. "இன்னும் கீதே, தூக்கிப் போடுவாங்களா?" என்று நான்தான் சொன்னேன். பகலில் அது அவரோடு பஸ்ஸில், ஸ்டீயரிங்குக்கு முன்னால் வெயிலில் கிடக்கும். கண்டக்டருக்கு ஒருநாள் கண் சிவந்து பீளை கட்டியிருக்கிறது. அவர் இவரைவிட இரண்டு வயது மூத்தவர், இவருக்கு உயிர்ச் சிநேகிதர். பேஜாராக இருக்கிறது என்று அவர் புலம்ப, இவர் பாட்டிலை எடுத்து நீட்ட, அவரும் அதையே விட்டுக்கொண்டிருக்கிறார்.

நாலு நாளில் இவருடைய வலது கண் சிவந்தது. நான் சும்மா விடுவேனா?

"ஊருல கீற கண்ணுக்கெல்லாம் நீ டாக்டரா? உன் தரும குணத்துல தீய வெக்க."

"பாவம்மே, அவன் தவிச்சிக்கினு கீறான். இன்னா பண்ண சொல்ற?"

திட்டிக்கொண்டே அதே பாட்டிலிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து தடவை விட்டேன். நிறைய விட்டால் சீக்கிரம் ஆறும் என்று என் புத்திசாலித்தனம். மூன்றாம் நாள் வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "ஸ்டாப்புல நிக்கிறவங்க மூஞ்சி தெரியலமே" என்றார். டிரைவருக்கு வேறு என்ன சொத்து இருக்கிறது? ஒரு கண் போனாலும் ஸ்டீயரிங்கைத் தொடவிடமாட்டார்கள். பஸ் ஓட்டாத அவரை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அன்றைக்கே திரும்பவும் காஞ்சிபுரம் போனோம். டாக்டரம்மா விளக்கு வைத்துப் பார்த்தார். கருவிழியில் புண் என்றார். இன்னும் கொஞ்சம் நடுவில் ஏறினால் பார்வை போய்விடும், இப்போதைக்கு எதையும் உறுதியாகச் சொல்லமுடியாது என்றார். அப்புறம் அந்தப் பாட்டிலைக் கேட்டு வாங்கினார். முனையில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அதுவரைக்கும் என் கண்ணில் அது படவே இல்லை.

"இதை யாரு உங்க கண்ணுல விடறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "நானேதான் வுட்டுக்குவேன் டாக்டரம்மா."

எப்படி என்று காட்டச் சொல்லி வேறொரு பாட்டிலைக் கொடுத்தார். மூடியை எந்தப் பக்கம் திருகுவது என்றே இவருக்குத் தெரியவில்லை. ஒரு வழியாகத் திறந்து அழுத்தியதில் மூக்கில் ஒரு சொட்டு, மீசையில் ஒரு சொட்டு. டாக்டரம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். அன்றைக்கு அந்த வாய் எங்கே போயிற்றோ.

இமையிலோ மயிரிலோ முனை பட்டால் அங்கிருக்கிற கிருமி மருந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், ஒருத்தர் பாட்டிலை இன்னொருத்தர் தொடக்கூடாது, திறந்து ஒரு மாதமானால் மிச்சமிருந்தாலும் எறிந்துவிட வேண்டும், கண் சிவந்து வலித்தால் இதை நம்பி வீட்டில் இருக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு கூசியது. இவர் தண்ணீர் பாட்டிலை அண்ணாந்துதான் குடிப்பார். யாராவது வாய் வைத்துச் சீப்பிவிட்டால், நானாகவே இருந்தாலும், தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு மூன்று தடவை கழுவுவார். அப்படிப்பட்ட வீட்டில் மூன்று மாதமாக ஒரு பாட்டிலைக் கண்ணால் சீப்பிக்கொண்டிருந்திருக்கிறோம். வாய்க்குத்தான் எச்சில், கண்ணுக்கு ஏது என்று எங்கள் இரண்டு பேர் புத்தியும் நினைத்துவிட்டது.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த புது மருந்து இரண்டையும் மணிக்கு ஒரு தடவை விடவேண்டும். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினேன். பாட்டிலை எடுத்தவள் திரும்பவும் கீழே வைத்துவிட்டேன். "பக்கத்து வூட்டுப் பொண்ணு நர்ஸுக்குப் படிக்குது, அத்த இட்டாரேன்" என்றேன். அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு, "நீ வுடு" என்றார், அவ்வளவுதான். கீழிமையை மெல்ல இழுத்தால் சின்னப் பை மாதிரி ஒரு இடம் வருகிறது. தண்ணீர் அண்ணாந்து குடிப்பது போலவே நினைத்துக்கொண்டு பாட்டிலை எட்டத்தில் பிடித்து விட்டேன். முதல் சொட்டு கன்னத்தில், அடுத்தது காதில்.

"வீணாப் போவுதேய்யா."

"போனா போவுது. கண்ணுல வுழற வரிக்கும் வுடு."

விட்டதும் கண்ணை மூடச் சொல்லி, மூக்கோரத்தில் விரலால் மெல்ல அழுத்திப் பிடித்திருப்பேன். இரண்டாவது மருந்துக்குக் கொஞ்ச நேரம் இடைவெளி விடவேண்டும். அந்த நேரத்தில் முன்னே போல என்னால் பேச முடியவில்லை. அவர்தான் கேட்டார், "இன்னாமே, ஸ்கூல்ல ஒண்ணும் நடக்கலியா?" என்று. வேளைக்கு ஒரு சாமியை வேண்டிக்கொண்டேன். கண்டக்டருக்குச் சிகிச்சையில் சரியாகிவிட்டது. அவர் சாயந்தரம் சாயந்தரம் வந்து வாசலில் நின்று, குற்றம் செய்தவர் போல விசாரித்துவிட்டுப் போவார். தப்பு அவர் பேரில் என்றே தெரு முழுக்கப் பேசிக்கொண்டது. அதையும் கேட்டுக்கொண்டு நான் சும்மாதான் இருந்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து எழுத்துப் பலகைக்கு முன்னால் அவரை உட்காரவைத்தார்கள். இடது கண்ணை மறைத்துக்கொண்டு வலது கண்ணால் ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசிக்கு முந்தின வரியையும் தாண்டினார். கருவிழி ஓரத்தில் சின்னத் தழும்பு, நடுவில் ஒன்றுமில்லை, வண்டி ஓட்டலாம் என்றார் டாக்டரம்மா. காய்ந்த கண்ணுக்குத் திரும்பவும் சொட்டு மருந்து எழுதினார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"டாக்டரம்மா, அன்னிக்கு அவரு சொன்னது பொய்யி. வுட்டது நானு. வெங்காயம் அரிஞ்ச கையோட, மயிருல முட்டுக் குடுத்து வுட்டது நான்தான்."

"தெரியும்மா" என்றார் அவர், எழுதிக்கொண்டே. "மூக்குல விட்டுக்கிட்டவரு மூணு மாசம் கண்ணுல எப்படி விட்டிருப்பாரு?"

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "யோவ், எதுக்குய்யா அன்னிக்குப் பொய் சொன்ன? என்னைக் காப்பாத்தணும்னு நான் கேட்டனா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன் கையாலதான் இப்டி ஆச்சின்னு அவங்க வாயால சொல்லிட்டா, நீ அப்பறம் என் கண்ணைத் தொடமாட்ட. எனக்கு வேற கை எங்கமே கீது?"

அத்தனை பேர் பார்க்க நான் அங்கேயே நின்று அழுதேன்.