பந்திக்கு முந்தினேன்

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் சேலையூரில் குடியிருந்தோம். நான் பள்ளி ஆசிரியை. முப்பது வயதுக்குள் முடக்குவாதம் வந்து மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்தது. அது போதாதென்று உதட்டைச் சுற்றி வெண்புள்ளி வேறு. மின்சார ரயிலேறிப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்தேன். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பை எதிரியென்று நினைத்து அடிக்கிறது, இரண்டுமே அந்த வகைதான், யாருக்கும் ஒட்டாது என்றார்.

எங்கள் சபையில் திருவிருந்தின்போது எல்லாரும் ஒரே கிண்ணத்தில்தான் திராட்சரசம் பருகுவோம். முதலில் ஆண்கள், பிறகு பெண்கள். மிச்சத்தை ஐயர் குடித்து முடிப்பார். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம்.

ஒரு சனிக்கிழமை சபை மூப்பர் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன். வாங்கியவர் குடிக்காமல் கீழே வைத்தார்.

"தப்பா நெனைக்காதம்மா. உன் உதட்டப் பாத்து லேடீஸ் சில பேர் பயப்படறாங்க. நாளைக்கு நீ கடைசியா வந்து வாங்கிக்கயேன்."

கடைசியில் வந்தால் எனக்குப் பின் குடிப்பது ஐயர்தானே, அவருக்கு மட்டும் ஒட்டாதா என்று கேட்டேன். அவர் எழுந்து செருப்பைத் தேடினார்.

"சார், என் உடம்பு என்னை மட்டுந்தான் அடிக்கும். அடுத்தவங்க மேல கை வைக்காது" என்றேன்.

அவர் போனதும் அழுதேன். அழுது முடித்தபின் ஆத்திரம்தான் மிச்சம் இருந்தது.

மறுநாள் முதல் வரிசை ஆண்கள் எழுந்ததும் நானும் எழுந்தேன். என் கணவர் எதிர்ப்பக்கத்திலிருந்து கண்ணாலேயே அதட்டினார். நான் அவரைப் பார்க்கவே இல்லை. பீடத்தின் முன், கிண்ணம் முதலில் வரும் இடது ஓரத்தில் போய் நின்றேன். மண்டியிட முழங்கால் மடங்காது. பக்கத்தில் மண்டியிட்டிருந்தவர் அதே மூப்பர்! சத்தியமாக நான் திட்டமிடவில்லை, ஆனால் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

ஐயர் ஒரு கணம் தயங்கிவிட்டு எனக்குக் கிண்ணத்தைக் கொடுத்தார். பிறகு வழக்கம்போல் விளிம்பைத் துடைத்து மூப்பரிடம் நீட்டினார். மூப்பர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சபையே அவரைப் பார்த்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தார். அவரே குடித்தபின் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? பெண்களில் இரண்டு பேர் மட்டும் இடத்தைவிட்டு எழவில்லை. அது அவர்கள் பாடு.

மூப்பர் அதன்பின் வெகுகாலம் நன்றாக வாழ்ந்தார். எங்கள் வீட்டில் காபியும் குடித்தார்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். அன்று எனக்குப் பந்தியே படையாக இருந்தது, முந்திவிட்டேன். பிற்பாடு தைராய்டும் வந்து சேர்ந்துகொண்டது. என் உடம்பு என்னை எதிரியாக நினைப்பதை இன்றுவரை நிறுத்தவில்லை. ஆனால் அதோடு கூட்டுச் சேர்ந்து நானும் என்னை ஒதுக்கி வைக்க மாட்டேன் என்ற பிடிவாதத்தை அந்த ஒரு வாய் ரசம்தான் எனக்குக் கொடுத்தது.