அப்பாவின் தொங்குமரத்தில் கட்டிய துணிகள்

இந்தச் சிறு நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைந்திருக்கும். அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அம்மாவும் தம்பியும் என்னிடம் விட்டார்கள். வீட்டில் அதிகம் படித்தவள் என்று விட்டார்கள். எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரிக்கும் இது சரிதானா, அப்பா இதை ஒத்துக்கொள்வாரா என்று சந்தேகம் வருகிறது. தொட்டிலில் குழந்தை வேறு சிணுங்குகிறான். குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்து, தாய்மாமன் வீட்டில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்தார். கூடப் பிறந்த இரண்டு அத்தைகளுக்கும் கல்யாணம் செய்து வைத்த பிறகுதான் தனக்கென்று யோசித்தார். ஐம்பதுகளில் அந்தமானுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மதராஸில் கப்பல் ஏறினார். அங்கே லாங் ஐலண்ட் என்ற தீவில் மர டிப்போவில் குமாஸ்தா வேலை. மழை எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு, மழை எப்போது நிற்கும் என்று பார்க்கிற ஊர் வாய்த்தது. முதல் வருடம் மலேரியாவில் படுத்துப் பிழைத்தார். அதன் பிறகு கல்யாணமாகி அம்மா வந்தார். நானும் தம்பியும் இங்கேதான் பிறந்தோம்.

படகிலிருந்து இறங்கி, போக இடம் தெரியாமல் படகுத்துறையில் நிற்பவர் யாராக இருந்தாலும் அப்பா வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார். வங்காளிக் குடும்பங்கள், ராஞ்சியிலிருந்து வந்தவர்கள், தெலுங்கர்கள், எல்லோரும் எங்கள் வீட்டில் ஒரு வேளையாவது சாப்பிட்டிருக்கிறார்கள். பாஷை புரியாமலே அம்மா பரிமாறுவார். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறகு நடந்ததெல்லாம் இவர்களால் நடந்தது. இவர்கள் அன்பால்தான் நடந்தது.

கடலுக்கு அப்பால் மெயின்லேண்டில் இருக்கும் உறவினர்கள் பலர் அப்பாவின் மரத்தைப் பார்த்ததில்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில், ஜன்னலுக்கு நேரே நிற்கிறது. ஆள் உயரத்துக்குச் சற்றுக் கூட. அதன் கிளைகள் மேலே போகாமல் வளைந்து தரையை நோக்கித் தொங்கும். புட்டி கழுவும் பிரஷ் போலச் சிவப்பாகப் பூக்கும், அதனால் எல்லோரும் பாட்டில் பிரஷ் என்பார்கள். அப்பா தொங்குமரம் என்பார். போர்ட் பிளேரில் இருந்த ஒரு அதிகாரியின் மனைவி, ஊட்டியிலிருந்து கொண்டுவந்து வளர்த்த கன்று. அவர்களுக்கு மாற்றலானபோது மண்ணெண்ணெய் டின்னோடு அப்பாவிடம் கொடுத்துவிட்டார். படகில் உப்புத் தண்ணீர் தெறிக்காமல் தன் சட்டையைக் கழற்றி அதன்மேல் மூடிக்கொண்டு வந்தாராம். அன்று அப்பாவுக்கு ஜலதோஷம் பிடித்ததையும் சேர்த்துத்தான் அம்மா இந்தக் கதையைச் சொல்வார்.

பூ வாடியதும் அப்பா அந்த மரத்தைக் கத்தரிப்பார். அது ஒரு நாள் வேலையில்லை. முதலில் தொங்கும் கிளைகளை விலக்கி உள்ளே போய் உட்காருவார். வெளியே நின்று பார்த்தால் மரத்தின் அழகுதான் தெரியும், உள்ளேயிருந்து பார்த்தால்தான் எந்தக் கிளை எதன்மேல் உரசுகிறது, எங்கே வெளிச்சம் வரவில்லை என்பது தெரியும் என்பார். வெட்டலாம் என்று தோன்றும் கிளையில் பழைய வேட்டியிலிருந்து கிழித்த துணியைக் கட்டுவார். கட்டிவிட்டு எழுந்து வந்துவிடுவார். இரண்டு மூன்று நாள் போகவர அதைப் பார்ப்பார். மனம் மாறினால் துணியை அவிழ்த்துவிடுவார். மாறாவிட்டால்தான் கத்தரி. வாடிய பூவுக்குச் சற்றுப் பின்னால், இலை இருக்கிற இடத்தில் வெட்டுவார். இலை இல்லாத பழைய கட்டையில் வெட்டினால் அந்த மரம் திரும்பத் துளிர்க்காது.

டிப்போவில் கூட வேலை செய்த தஞ்சாவூர்க்காரர் ஒருவர் வேலியைப் பிடித்துக்கொண்டு கேலி செய்வார்.

“ஏன் ஓய், காட்டையே வெட்டிக் கப்பல்ல ஏத்தறோம். இந்தத் துடைப்பக்கட்டைக்கு மட்டும் நாள் நட்சத்திரம் பார்க்கறீரே.”

“காட்டுல எதை வெட்டணும்னு மார்க் போடுறது ஆபீசர்,” என்றார் அப்பா. “இங்க நான்ல போடணும். பயமா இருக்கு.”

அம்மாவுக்கு மட்டும் அந்த மரத்தைப் பிடிக்கவே இல்லை. தலையை விரித்துப் போட்டு அழுகிற பொம்பளை மாதிரி வாசலில் ஒரு மரம் எதற்கு என்பார். எடுத்துவிட்டு ஒரு முருங்கை வைத்தால் குழம்புக்காவது ஆகும். ஒவ்வொரு வருடமும் துணி கட்டும் நாளில், அடிமரத்தில் ஒன்று கட்டுங்கள், ஒரே வெட்டாக வெட்டிவிடலாம் என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். அப்பா சிரித்துக்கொண்டே அடுத்த துணியைக் கட்டுவார்.

சென்ற ஆண்டு மழைக்கு முன், வழக்கம்போல் துணிகளைக் கட்டிவிட்டு டிப்போவுக்குப் போன அப்பா, அங்கேயே விழுந்துவிட்டார். வலது பக்கம் வாதம். பேச்சும் போய்விட்டது. போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார்கள். மதராஸ் வரை கப்பல் பயணம் தாங்காது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அப்போது வேறு தீவில், கணவர் வீட்டில் கைக்குழந்தையோடு இருந்தேன். கடல் கொந்தளிக்கிற சமயத்தில் பச்சைக் குழந்தையைப் படகில் கொண்டுபோவதா, அப்பாவைப் பார்க்காமல் இருப்பதா என்று இரண்டு பக்கமும் யோசித்து யோசித்துக் கடைசியில் கிளம்பினேன். வழியெல்லாம் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அப்பாவின் கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். மரமும் அதில் அவர் கட்டிய துணிகளும் படுத்தபடியே தெரியும். நான் போய் இரண்டொரு நாள் இருக்கும். எதிர் வரிசையில் குடியிருக்கும் வங்காளி அம்மாள், நாங்கள் சித்தி என்ற அர்த்தத்தில் மாசி என்று கூப்பிடுபவர், உள்ளே வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “தீதி, மைனே பீ பாந்த் தியா” என்றார். அக்கா, நானும் கட்டிவிட்டேன் என்று அர்த்தம். வெளியே போய்ப் பார்த்தால் மரத்தில் சேலைக் கரை ஒன்று தொங்குகிறது. அப்பா கட்டியிருந்த துணிகளை, அவர் பிழைக்க வேண்டுமென்று நாங்கள் வேண்டிக்கொண்டு கட்டியவை என்று மாசி நினைத்திருக்கிறார். அம்மா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். கண் கலங்கி நிற்பவரிடம், அது வேண்டுதல் இல்லை, வெட்டுவதற்கான அடையாளம் என்று எந்த வாயால் சொல்வது?

செய்தி பரவிவிட்டது. டிப்போவிலிருந்து திரும்புகிறவர்கள் கட்டினார்கள். ராஞ்சிக்காரர்கள் குடும்பத்தோடு வந்து கட்டினார்கள். கேலி செய்த தஞ்சாவூர்க்காரரும் தன் துண்டின் ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார். ஒரு நாள் காலையில் அம்மாவும் தன் சேலைத் தலைப்பில் ஒரு கீற்றுக் கிழித்து எடுத்துக்கொண்டு போனார். ஜன்னலுக்கு நேரே, கீழே தொங்கிய கிளையில் இறுகக் கட்டினார்.

அன்றிலிருந்து அப்பா தவிக்க ஆரம்பித்தார். இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். ஜன்னலைப் பார்ப்பார், கண்ணிலிருந்து நீர் வழியும். வலி என்று நினைத்தோம். கம்பவுண்டர் வந்து மாத்திரை கொடுத்தார். ஜன்னலை மூடினால் இன்னும் வேகமாகத் தட்டினார். திறந்தால் அழுதார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஒரு நாள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பார்க்கிற திசையில் தற்செயலாக நானும் பார்த்தேன். கிளைக்குக் கிளை துணி. அந்த வீட்டில் துணி கட்டினால் என்ன அர்த்தம் என்பது அப்போதுதான் உறைத்தது. அம்மாவைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டேன்.

“அம்மா, அப்பா அதை வேண்டுதல்னு நினைக்கல. வெட்டக் கட்டினதுன்னு நினைக்கிறார். மரத்தையே எடுக்கப் போறோம்னு நினைக்கிறார்.”

அம்மா ஈரக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். பிறகு, “இத்தனை வருஷமா வெட்டு வெட்டுன்னு சொன்னவ நான். நானே போய்க் கட்டினா அவருக்கு வேற என்ன தோணும்?” என்றார்.

எல்லாவற்றையும் அவிழ்த்துவிடலாம் என்றேன். அம்மா வழியை மறித்து நின்றார்.

“அவுக்கக் கூடாதுடி. சாமிக்குன்னு கட்டியாச்சு. அவுத்த பிறகு அவருக்கு ஒண்ணு ஆயிட்டா? நீ படிச்சவ, சொல்லு. ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிக் குடுப்பியா?”

அவிழ்த்தால் ஒன்றும் ஆகாது என்று என் படிப்பு சொன்னது. ஆனாலும் வாசற்படி தாண்ட எனக்கும் கால் வரவில்லை. திரும்பி வந்து அப்பாவின் காதருகே குனிந்து, மரத்தை வெட்டவில்லை, ஊரில் எல்லோரும் உங்களுக்காக வேண்டிக்கொண்டு கட்டியிருக்கிறார்கள், அம்மாவும் அதற்குத்தான் கட்டினார் என்று சொன்னேன். மெதுவாக, திரும்பத் திரும்பச் சொன்னேன். அப்பா என்னையே பார்த்தார். புரிந்ததா என்று தெரியவில்லை. அம்மா கட்டிலில் உட்கார்ந்து அவருடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“மரம் இருக்கட்டுங்க,” என்றார். “இனிமே நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

தட்டுவது நின்றது. புரிந்து நின்றதா, களைத்து நின்றதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. புரிந்துதான் நின்றது என்று அம்மா சொல்கிறார். அப்படியே இருக்கட்டும்.

மழை பிடித்துக்கொண்டது. உள்ளே கழிக்காத மரம் காற்றை முழுதாக வாங்கியது. ஒரு கிளை முறிந்து விழுந்தது, அதிலும் ஒரு துணி இருந்தது. யார் கட்டியதென்று தெரியவில்லை. அந்த மழையிலேயே அப்பா, எங்கள் எல்லோரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமைதியாகக் கண் மூடினார்.

அப்பாவைப் படகில் ஏற்றி இறக்கியவர்களுக்கும், கைத்தாங்கலாகத் திருப்பிப் படுக்க வைத்தவர்களுக்கும், வேளை தவறாமல் வந்து பார்த்த கம்பவுண்டருக்கும், கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த வங்காளி மாசிக்கும், காரியங்களுக்கு மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வந்த அத்தைகளுக்கும், தம்பியை அதே டிப்போவில் சேர்த்துக்கொண்டு, அந்த வீட்டிலேயே எங்களை இருக்கவிட்டவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. மரத்தில் துணி கட்டிய ஒவ்வொருவரையும் நான் தனியாக வணங்குகிறேன்.

அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்பது முறைதானா என்று பலமுறை யோசித்தேன். அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஓராண்டாக அந்த மரத்தை யாரும் தொடவில்லை. கிளைகள் தரையில் புரள்கின்றன, உள்ளே இருட்டாகிவிட்டது. இன்னொரு மழையை அது தாங்காது. துணிகளெல்லாம் நனைந்து பூசணம் பிடித்து ஒரே நிறமாகிவிட்டன, எது அப்பா கட்டியது, எது நீங்கள் கட்டியது என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நினைவு நாளன்று சாப்பிட்டு முடித்ததும், அவரவர் கட்டியதை அவரவரே தயவுசெய்து அவிழ்த்துக்கொள்ளுங்கள். ஹட் பே ஊருக்கும் மெயின்லேண்டுக்கும் போய்விட்டவர்கள் எந்தப் பக்கத்துக் கிளையில் கட்டினீர்கள் என்று வருகிறவர்களிடம் சொல்லி அனுப்புங்கள். நான் அவிழ்க்கிறேன்.

மீதி இருப்பவை அப்பாவுடையவை. அவற்றை இரண்டு மூன்று நாள் போகவரப் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் அவரைப் போலவே அவிழ்த்துவிடுவேன். எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வரும் என்று தம்பி சொல்கிறான். வந்தால் வரட்டும்.

தன்னுடையதைக் கடைசியாக அவிழ்ப்பதாக அம்மா சொல்லியிருக்கிறார்.